வணிக விதிகளில் மாறிகள்: எதற்குப் பெயர் வைப்பது, எங்கே வைப்பது

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் விதிகளை எழுதுகிற ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் நிரலாளர் அல்ல. விதிக்குள் மாறிகளை, அதாவது ஒரு பதிவுக்கோ மதிப்புக்கோ நாம் வைக்கும் பெயர்களை, எப்போது, எங்கே வரையறுக்க வேண்டும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. விண்ணப்பதாரர், இணை விண்ணப்பதாரர் என ஒரே விதியில் இருவர் வரும்போது, விதிகளை ஓட்டும் மென்பொருளான எஞ்சின் யாரை எடுத்துக்கொள்கிறது என்று தெரியவில்லை. இன்னொரு தொல்லை: ஒருமுறை மட்டுமே ஓட வேண்டிய விதி சில விண்ணப்பங்களுக்கு மூன்று முறை ஓடி, அபராதப் புள்ளியையும் மூன்று முறை கூட்டிவிடுகிறது.

இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே. விதியில் ஒரு மாறியை வரையறுக்கும்போது, அந்தப் பெயர் எதைச் சுட்டுகிறது என்பதையும் நீங்கள் முடிவு செய்துவிடுகிறீர்கள். குறிப்பிட்ட ஒருவரையா, நிபந்தனைக்குப் பொருந்துகிற ஒவ்வொருவரையுமா, பொருந்துகிற எல்லோரும் அடங்கிய பட்டியலையா, அல்லது கணக்கிட்டு வந்த ஓர் எண்ணையா? இந்த நான்கில் எது என்று தெளிவாகத் தெரியாமல் எழுதிய வரையறைதான் பிறகு நம்மைத் திண்டாட வைக்கிறது. பெயரின் அழகு, எழுத்துமுறை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

உங்கள் அபராதப் புள்ளி விதி ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்:

வரையறைகள்:
'பழைய கடன்' என்பது விண்ணப்பதாரரின் கடன்களுள் ஒன்று. அதில் தாமதமான தவணைகள் 2-க்கு மேல்.
அப்போது:
விண்ணப்பதாரரின் அபராதப் புள்ளியில் 10 கூட்டுக.

படிக்கும்போது, "இப்படி ஒரு கடன் இருந்தால் 10 புள்ளி" என்று நமக்குத் தோன்றுகிறது. எஞ்சின் படிப்பது வேறு விதம். பெரும்பாலான விதி எஞ்சின்கள் சார்லஸ் ஃபோர்கி 1970-களில் உருவாக்கி, 1982-இல் ஆய்விதழில் விரிவாக வெளியிட்ட ரீட் அல்காரிதத்தின் வழிவந்தவை. அவை கடன், நபர், விண்ணப்பம் போன்ற ஒவ்வொரு பதிவையும் விதியின் வரையறையோடு ஒப்பிட்டு, பொருந்துகிற ஒவ்வொரு சேர்க்கைக்கும் விதியைத் தனியே ஓட்டும். மூன்று கடன்கள் பொருந்தினால் 'பழைய கடன்' என்ற பெயர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறொரு கடனைச் சுட்டும். விதியும் மூன்று முறை ஓடும். விண்ணப்பதாரருக்கு 30 புள்ளி விழும். எஞ்சின் பிழை செய்யவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் செய்தது.

ஒருமுறை மட்டும் ஓட வேண்டுமானால், பெயர் பட்டியலைச் சுட்ட வேண்டும்:

வரையறைகள்:
'தாமதக் கடன்கள்' என்பது விண்ணப்பதாரரின் கடன்களுள் தாமதமான தவணைகள் 2-க்கு மேல் உள்ள அனைத்தும்.
எனில்:
'தாமதக் கடன்கள்' எண்ணிக்கை குறைந்தது 1.
அப்போது:
விண்ணப்பதாரரின் அபராதப் புள்ளியில் 10 கூட்டுக.

இப்போது பட்டியல் ஒன்றுதான். விதி ஓடுவதும் ஒருமுறைதான். கடனின் விவரம் எதுவும் 'அப்போது' என்று தொடங்கும் செயல் பகுதிக்குத் தேவைப்படாவிட்டால் பெயரே வேண்டியதில்லை. "இத்தகைய கடன் ஒன்றேனும் உண்டு" என்று நிபந்தனையிலேயே எழுதிவிடலாம். அப்படிக் கேட்கும் வசதி பெரும்பாலான எஞ்சின்களில் உண்டு.

ஆனால் விதியைத் திருத்துவதற்கு முன், கொள்கையை வகுத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தாமதக் கடன் ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளியா, எத்தனை இருந்தாலும் மொத்தமாக 10 புள்ளியா? கொள்கை ஆவணம் "தாமதக் கடன் இருந்தால் 10 புள்ளி" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கும். முதல் வடிவம்தான் அவர்கள் நினைத்ததாகவும் இருக்கலாம். மாறியை வரையறுக்கும் இடத்தில்தான் இப்படிப்பட்ட மங்கலான வாசகங்கள் வெளிச்சத்துக்கு வருகின்றன. அந்தக் கேள்வியை எழுப்புவது உங்கள் வேலையின் மிக மதிப்புள்ள பகுதி என்றே சொல்வேன். சோதிக்கும்போது பொருந்தும் கடன் எதுவும் இல்லாத விண்ணப்பம், ஒன்று உள்ளது, மூன்று உள்ளது என மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு கடன் உள்ள விண்ணப்பத்தில் இரண்டு வடிவங்களும் ஒரே விடையைத் தரும் என்பதால் வேறுபாடு தெரியாது.

இனி இருவர் வரும் சிக்கல். ஒரே வகைப் பதிவுகள் இரண்டை ஒரு விதியில் ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கட்டாயம் வேண்டும். "நபரின் வயது" என்று வெறுமனே எழுதினால், எந்த நபர் என்பதற்கு விதியில் விடை இல்லை. பாத்திரத்தை வைத்துப் பெயரைப் பிணையுங்கள்: 'முதன்மை விண்ணப்பதாரர்' என்பது விண்ணப்பத்தின் விண்ணப்பதாரர், 'இணை விண்ணப்பதாரர்' என்பது அதே விண்ணப்பத்தின் இணை விண்ணப்பதாரர். "அதே விண்ணப்பத்தின்" என்ற சொற்கள் முக்கியமானவை. அவை விடுபட்டால், எஞ்சினின் நினைவகத்தில் ஒரே நேரத்தில் பல விண்ணப்பங்கள் இருக்கும்போது, ஒரு விண்ணப்பத்தின் முதன்மையாளரோடு வேறொரு விண்ணப்பத்தின் இணையாளர் சேர்ந்துவிடுவார்.

பாத்திரம் என்ற வேறுபாடே இல்லாத இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கும் இரண்டு விண்ணப்பங்களைக் கண்டுபிடிக்கும் விதியை எடுத்துக்கொள்வோம். 'முதல் விண்ணப்பம்' ஒரு விண்ணப்பம். 'மற்ற விண்ணப்பம்' அதே தொலைபேசி எண் கொண்ட ஒரு விண்ணப்பம். ட்ரூல்ஸ் என்ற விதி எஞ்சினில் இதை அப்படியே எழுதினால், ஒரு விண்ணப்பம் தன்னோடு தானே பொருந்திவிடும். அதன் எண்ணும் அதன் எண்ணும் ஒன்றுதானே. ஒரே எண் கொண்ட விண்ணப்பங்கள் 5 இருந்தால் விதி 25 முறை ஓடும். "மற்றது முதலாவதாக இருக்கக்கூடாது" என்று சேர்த்தால் 20 ஆகக் குறையும். அப்போதும் ஒவ்வொரு இணையும் இருமுறை வருகிறது: அ-வுக்கு ஆ, ஆ-வுக்கு அ. "முதலாவதன் பதிவெண் மற்றதன் பதிவெண்ணைவிடச் சிறியது" என்று எழுதினால்தான் 10 என்ற சரியான எண்ணிக்கை கிடைக்கும். அப்போது முந்தைய நிபந்தனையும் தேவையில்லை. ட்ரூல்ஸ் விதிகளில் மாறிகளுக்கு முன்னால் டாலர் குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கட்டாயமில்லை, வழக்கம்தான். ஆனால் பின்பற்ற வேண்டிய வழக்கம், ஏனெனில் எது பதிவின் புலம், எது நாம் வைத்த பெயர் என்று ஒரே பார்வையில் பிரித்துக் காட்டுகிறது.

விதிக்குள் ஒரு பெயர் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதையும் பார்த்துவிடலாம். "இப்படி ஒரு கடன் இல்லை" என்ற நிபந்தனைக்குள் கடனுக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயரைச் செயல் பகுதியில் பயன்படுத்த முடியாது. இல்லாத கடனைப் பற்றிச் செயல் பகுதி என்ன சொல்ல முடியும்? "அல்லது" கொண்டு இணைத்த நிபந்தனைகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு கிளையில் மட்டும் வரையறுத்த பெயர், மறு கிளை வழியாக விதி ஓடும்போது எதையும் சுட்டாது. இரண்டு கிளைகளிலும் அதே பெயரை வரையறுக்க வேண்டும், அல்லது விதியையே இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். நான் பிரித்துவிடுவேன்.

ஐபிஎம் நிறுவனத்தின் ஓடிஎம் என்ற விதி மேலாண்மை மென்பொருளின் விதிமொழியில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு விதிக்கு வரையறைகள், எனில், அப்போது, இல்லையேல் என நான்கு பகுதிகள். வரையறைப் பகுதியில் 'இணை விண்ணப்பதாரர்' என்பதோடு "வருமானச் சான்று கொடுத்தவர்" என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் 'அப்போது' பகுதி ஓடாது. 'இல்லையேல்' பகுதியும் ஓடாது. "வருமானச் சான்று இல்லை" என்ற செய்தியை இல்லையேல் பகுதியில் எழுதி வைத்திருந்தால் அது ஒருவருக்கும் போய்ச் சேராது. பதிவை அடையாளம் காட்டும் தகவலை மட்டும் வரையறையில் வையுங்கள். அந்தப் பதிவைப் பற்றி நீங்கள் சோதிக்க விரும்புவதை 'எனில்' பகுதிக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு விதியாக நிற்கும் தீர்மான அட்டவணைகளிலும் இதே வகை வரையறைகளை முன்நிபந்தனைப் பகுதியில் வைத்து, அட்டவணையின் எல்லா வரிசைகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்த முடியும்.

அடுத்தது, கணக்கிட்டு வரும் மதிப்புகள். மாதத் தவணைகளின் கூட்டுத்தொகையை மாத நிகர வருமானத்தால் வகுத்து வரும் 'தவணைச் சுமை விகிதம்' பல விதிகளில் வரும். இதற்குக் கட்டாயம் பெயர் வேண்டும். ஒவ்வொரு விதியிலும் வகுத்தலைத் திரும்பத் திரும்ப எழுதினால், என்றாவது ஒருநாள் ஒரு விதியில் மொத்த வருமானமும் மற்றொன்றில் நிகர வருமானமும் நுழைந்துவிடும். இரண்டும் பார்வைக்குச் சரியாகவே தோன்றும். பெயர் வைக்கும்போதே மூன்றைத் தீர்மானித்துவிடுங்கள். முதலாவது, அலகு: விகிதம் 0.4 என்று வருமா, 40 என்று வருமா? இரண்டாவது, காலம்: 'வருமானம்' என்று நிறுத்தாமல் 'மாத நிகர வருமானம்' என்று முழுமையாக எழுதுங்கள். மூன்றாவது, தகவல் இல்லாதபோது என்ன ஆகும்?

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இந்த மூன்றாவதில்தான். வருமானம் பூஜ்யம் என்பதும் வருமானம் தெரியவில்லை என்பதும் வேறு வேறு. தீர்மானங்களை வரைபடமாகவும் அட்டவணையாகவும் எழுதுவதற்கு ஓஎம்ஜி என்ற தரநிலை அமைப்பு வெளியிட்ட டிஎம்என் தரநிலையில் வரும் ஃபீல் மொழியில், தெரியாத மதிப்பை ஓர் எண்ணோடு ஒப்பிட்டால் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. அதுவும் தெரியாததாகவே வரும். ஆனால் "எனில் - இல்லையேல்" வாக்கியத்தில், உண்மை அல்லாத எதுவும் 'இல்லையேல்' பக்கம் போய்விடும். "விகிதம் 0.4-ஐத் தாண்டினால் நிராகரி, இல்லையேல் ஏற்றுக்கொள்" என்று எழுதியிருந்தால், வருமானத்தையே குறிப்பிடாத விண்ணப்பம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஏற்கப்பட்டுவிடும். ஆகவே 'வருமான விவரம் முழுமையாக உள்ளது' என்று உண்மை/பொய் வகை மாறி ஒன்றைத் தனியே வரையறுத்து, விகிதத்தைத் தொடும் விதிகளுக்கு முன்னால் அதைச் சோதியுங்கள். இத்தகைய மாறிகளுக்கு உடன்பாட்டுப் பெயரே நல்லது. 'முழுமையற்றது' என்று பெயர் வைத்துவிட்டு "முழுமையற்றது என்பது பொய் எனில்" என்று எழுதினால், படிப்பவர் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

எண்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கணினியின் வழக்கமான இரும முறை மிதவைப்புள்ளி எண்களில் 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் 0.30000000000000004 வரும். ஒரு வரம்பைச் சரியாகத் தொடும் மதிப்பு வரும்போது இந்த வால் விதியின் முடிவையே மாற்றிவிடும். ஃபீல் மொழி 34 இலக்கம் வரை தாங்கும் தசம எண்களையே பயன்படுத்துகிறது. உங்கள் எஞ்சினில் வகையைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் பணத்துக்கும் விகிதத்துக்கும் தசம வகையையே தேர்ந்தெடுங்கள். தசம இலக்கங்களைக் குறைத்து முழுமையாக்குவதைக் கடைசியில், ஒரே இடத்தில் செய்யுங்கள்.

எதற்குப் பெயர் வைக்கத் தேவையில்லை? ஒரே விதியில் ஒரே ஒருமுறை வந்து, நேரடியாகப் படித்தாலே புரிகிற எதற்கும் வேண்டாம். 'விண்ணப்பதாரர் வயது' என்பதை 'வயது' என்று மறுபெயரிடுவதால் ஒரு வரி கூடுவதைத் தவிர வேறு பயன் இல்லை. பத்து வரையறைகளும் ஒரு நிபந்தனையுமாக நிற்கும் விதி பெரும்பாலும் வேறிடத்தில் நடந்திருக்க வேண்டிய கணக்கீட்டைத் தன்னுள் சுமந்துகொண்டிருக்கும். அந்தக் கணக்கீட்டைத் தரவு மாதிரிக்கோ தனித் தீர்மானத்துக்கோ மாற்றிவிடுங்கள். என் அளவுகோல் எளியது. அந்தப் பெயரைக் கடன் பிரிவில் வேலை செய்பவர்கள் தங்கள் பேச்சில் பயன்படுத்துகிறார்களா? ஆம் எனில் பெயர் வைக்கலாம். இல்லையெனில், அது விதி எழுதுபவரின் வசதிக்கு மட்டுமே வந்த பெயராக இருக்கக்கூடும். இன்னொரு முறை யோசியுங்கள். 'தற்காலிகம்', 'மதிப்பு2' போன்ற பெயர்கள் இந்தச் சோதனையில் உடனே விழுந்துவிடும்.

மாறியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு விதிக்கு மட்டும் வேண்டியதை அந்த விதிக்குள்ளேயே வையுங்கள். வெளியிலிருந்து வருவதும் வெளியே போக வேண்டியதும் விதித்தொகுப்பின் அளவுருக்கள்: விண்ணப்பம் உள்ளே வருகிறது, முடிவும் காரணங்களும் வெளியே போகின்றன. இவை இரண்டுக்கும் நடுவில், பல விதிகள் பகிர்ந்துகொள்ளும் பொது மாறிகள் என்று ஒரு வகை இருக்கிறது. என்னைக் கேட்டால், இதைத்தான் மிகவும் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். ட்ரூல்ஸின் பொது மாறிகளில் மதிப்பு மாறினால் எஞ்சினுக்கு அது தெரியாது. ஏற்கெனவே சரிபார்த்து முடித்த நிபந்தனைகளை அது மீண்டும் சரிபார்க்காது. அதனால் ஓட்டத்தின் நடுவே மாறக்கூடிய பொது மாறியை நிபந்தனையில் வைப்பது ஆபத்து. மாறாத மதிப்புகளுக்கும், முடிவுகளைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் பட்டியலுக்கும் மட்டும் அது பொருந்தும். நினைவகத்தில் உள்ள பதிவின் புலத்தை மாற்றும்போதும் இதே கதைதான். ட்ரூல்ஸில் அதற்கென உள்ள மாற்றக் கட்டளை வழியாக மாற்றினால்தான் எஞ்சினுக்குச் செய்தி போகும். செய்தி போனால், அதே விதி தன்னைத்தானே மறுபடி தூண்டிக்கொண்டு முடிவில்லாமல் சுற்றவும் கூடும் என்பதை மனத்தில் வையுங்கள்.

பகிர்ந்த மாறியில் இன்னொரு வம்பு வரிசை. கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி தருவது ஒரு விதி. 50 குறைப்பது மற்றொரு விதி. இரண்டும் 'கட்டணம்' என்ற ஒரே மாறியைப் படித்து அதிலேயே திரும்ப எழுதுகின்றன. தொடக்கத்தில் 1000 இருந்தால், முதலில் 50 குறைத்துப் பிறகு தள்ளுபடி கொடுத்தால் 855. முதலில் தள்ளுபடி கொடுத்துப் பிறகு 50 குறைத்தால் 850. எஞ்சின் எந்த விதியை முதலில் எடுக்கிறதோ அதைப் பொறுத்து விடை மாறுகிறது. விதிகள் இரண்டையும் தனித்தனியே எவ்வளவு படித்தாலும் இது கண்ணில் படாது. முன்னுரிமை எண் கொடுத்து வரிசையைக் கட்டிவைப்பவர்கள் உண்டு. ஆறு மாதம் கழித்து மூன்றாவது தள்ளுபடி வரும்போது அந்த எண்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். அதைவிட, 'அடிப்படைக் கட்டணம்', 'சதவீதத் தள்ளுபடி', 'நிலையான தள்ளுபடி', 'இறுதிக் கட்டணம்' என்று நான்கு பெயர்கள் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒருமுறை மதிப்புக் கொடுங்கள். சதவீதம் எதன் மேல் என்பது அப்போது வரையறையிலேயே எழுதப்பட்டிருக்கும். புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போகும் விதிகளில் இந்தத் தொல்லை இல்லை. கூட்டல் எந்த வரிசையில் நடந்தாலும் தொகை ஒன்றே. ஆனால் பாதியில் அந்தத் தொகையைப் படித்து முடிவெடுக்கும் விதி ஒன்று வந்துவிட்டால் பழைய சிக்கல் திரும்பிவிடும். தொகையைப் படிக்கும் விதிகளை, கூட்டும் விதிகளெல்லாம் முடிந்த பிறகு வரும் தனிக் கட்டத்தில் வையுங்கள்.

2015-இல் வெளியான டிஎம்என் இந்தப் பழக்கத்தை மொழியின் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. ஒவ்வொரு தீர்மானத்தின் விடையும் பெயரும் வகையும் கொண்ட ஒரு மாறி. அடுத்த தீர்மானம் அதைப் படிக்கலாம், திருத்தி எழுத முடியாது. எந்தத் தீர்மானம் எதைச் சார்ந்திருக்கிறது என்பது வரைபடத்தில் கோடாகவே தெரியும். ஃபீல் மொழியில் ஒரு பெயருக்குள் இடைவெளி விடலாம் என்பதால் 'மாத நிகர வருமானம்' என்று இயல்பாகவே எழுதவும் முடிகிறது. எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இன்னும் இருக்கிறீர்கள் என்றால், கணக்கீடு மிகுந்த விதிகளுக்கு இந்த வழியைப் பாருங்கள் என்பேன். ஒரே பதிவுக் குவியலில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தேடும் விதிகளுக்கு ட்ரூல்ஸ் போன்ற பொருத்தம் தேடும் முறையே வசதி.

வரம்புகளை விதிக்குள் எண்ணாக எழுதாதீர்கள். 0.4 என்ற எண் ஏழெட்டு விதிகளில் சிதறிக் கிடந்தால், கொள்கை மாறும் நாளில் ஒன்றைத் திருத்த மறந்துவிடுவீர்கள். வேறு காரணத்துக்காக அங்கே இருந்த இன்னொரு 0.4-ஐத் தவறுதலாகத் திருத்தவும் கூடும். 'அதிகபட்சத் தவணைச் சுமை' என்று பெயரிட்டு ஒரே இடத்தில் வையுங்கள். அடிக்கடி மாறுமானால், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற இரண்டு பத்திகளோடு ஓர் அட்டவணையில் வையுங்கள்.

நாளைக் குறிப்பிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 'இன்று' என்பதைக் கணினிக் கடிகாரத்திலிருந்து விதி நேரடியாக எடுக்க விடாதீர்கள். 'மதிப்பீட்டு நாள்' என்று ஓர் அளவுரு வைத்து வெளியிலிருந்து அனுப்புங்கள். விண்ணப்பதாரரின் வயது, சான்றிதழ் காலாவதி, எந்த வரம்பு நடப்பில் இருந்தது என்பவை எல்லாமே இந்த நாளைச் சார்ந்தவை. மேல்முறையீட்டில் ஒரு பழைய விண்ணப்பத்தை அன்றைய நிலைப்படி மறுபடி ஓட்ட வேண்டிவரும். அப்போது நாள் உள்ளீடாக இருந்தால் அன்றைய முடிவையே மீண்டும் பெறலாம். கடிகாரத்தைப் படிக்கும் விதி இன்றைய வயதையும் இன்றைய வரம்பையும் வைத்து வேறொரு முடிவைச் சொல்லும். விண்ணப்பித்த நாளும் மதிப்பீட்டு நாளும் ஒன்றல்ல என்பதால் இரண்டுக்கும் தனித்தனி மாறி வையுங்கள். ஒவ்வொரு விதியும் எந்த நாளை எடுக்க வேண்டும் என்பதைக் கொள்கையை வகுத்தவரிடமிருந்து எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.